மண்டபம் பிடித்துக் கொடுப்பதோடு ஆர்கனைசர் வேலை முடிந்ததா?

தஞ்சைக் குதிரை

போன ஞாயிறு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மாவட்ட செஸ் போட்டிக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம், எங்கும் இதே கதைதான். கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் இடத்தில் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எட்டு வயதுக்குள், பத்து, பன்னிரண்டு, பதினைந்து, அப்புறம் எல்லோருக்கும் பொது. ஆறு சுற்று, ஆளுக்கு இருபது நிமிடம். ஆனால் க்ளாக் கிடையாது. ஆட்டம் இழுத்துக்கொண்டு போனால் ஆர்பிட்டர் (நடுவர்) வந்து, மீதி இருப்பதாக அவர் நினைக்கும் நேரத்துக்கு ஒன்றை வைப்பார்.

முதல் ஆட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. எதிரில் இருந்த குழந்தைக்கு யானை எப்படிப் போகும் என்பதிலேயே சந்தேகம். இரண்டாவது பத்து நிமிடம். மூன்றாவது சுற்றில் ஒரு பொண்ணு அழகாக ஆடினாள், இவன் தோற்றான். நாள் முழுக்க உருப்படியாக ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். மதியம் எலுமிச்சை சாதம். கடைசியில் ஆறுக்கு ஐந்து எடுத்து நான்காம் இடம், ஓர் அடி உயரத்துக்குக் கோப்பை. வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. ஒன்றில் அக்கா ஊதுபத்தி செருகி வைத்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "இன்னைக்கு என்னடா கத்துக்கிட்ட?" கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் நாலு பேர் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா."

அதிலிருந்து இந்தக் கேள்வி மண்டையில் ஓடுகிறது. ஒரு பிள்ளை நன்றாக ஆடினால் கோச்சைச் சொல்கிறோம், அப்பா அம்மாவைச் சொல்கிறோம், இப்போது கம்ப்யூட்டரைச் சொல்கிறோம். போட்டி நடத்துகிறவரை யாரும் சொல்வதில்லை. அவருக்கு அதில் பங்கே இல்லையா?

கோவை 64

எதிரில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதுதான் ஆர்கனைசர் வேலை. மற்றதெல்லாம் கேட்டரிங்.

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

கேட்டரிங்கா? பதினெட்டு வருடம் அந்தக் கேட்டரிங்கைச் செய்தவன் நான். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன் தம்பி, பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக நான் நடத்திய ஒருநாள் போட்டி. 320 பிள்ளைகள், தலைக்கு 400 ரூபாய், ஆக 1,28,000. கேட்க நன்றாக இருக்கும். மண்டப வாடகை, கரண்ட், கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லாம் சேர்த்து 24,000. ஆர்பிட்டர் எட்டுப் பேருக்கு 12,000. கோப்பை, மெடல், சர்டிஃபிகேட் 38,000. ரொக்கப் பரிசு 25,000. சாப்பாடு, டீ 6,500. சங்கத்துக்குக் கட்டியது 5,000. நோட்டீஸ், பேனர் 4,000. போர்டும் காயும் ஏற்றி இறக்கிய டெம்போ 3,500. மீதி பத்தாயிரம். அன்றைக்கு மழை பெய்து 250 பேர் வந்திருந்தால் கையிலிருந்து 18,000 போயிருக்கும்.

கோப்பையைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைத்துப் பார்த்தேன். எட்டு வயதுப் பிரிவில் இருபத்தைந்தைப் பத்தாக்கினேன். அடுத்த மாதமே பக்கத்து ஊர்க்காரர் 'கலந்துகொள்ளும் அனைவருக்கும் பதக்கம்' என்று நோட்டீஸ் அடித்தார். அவர் மண்டபத்தில் நிற்க இடமில்லை, என்னிடம் 140 பேர். பெற்றோர் கேட்பதைத்தானே கடையில் வைக்க முடியும்?

அந்தப் பத்தாயிரம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். மாவட்ட அணித் தேர்வில் பத்து இருபது பேர்தான் ஆடுவார்கள். அதில் பைசா வராது. அதற்குப் போகிறது. குதிரைத் தம்பி, உங்கள் மருமகனை அடித்த பொண்ணும் இப்படி ஒரு மண்டபத்தில்தான் முதல் ஆட்டம் ஆடியிருப்பாள்.

தஞ்சைக் குதிரை

ஐயா, கணக்கை விரித்து வைத்ததற்கு நன்றி. இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை. முதல் ஆட்டத்துக்கு மண்டபம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பதாவது ஆட்டமும் அதே மண்டபத்தில் ஏன் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் கவனித்தேன். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட நகர்த்தல்களை எழுதவில்லை. ரேபிட் (குறைந்த நேர) ஆட்டத்தில் எழுத வேண்டியதில்லை, சரி. ஆனால் இவன் அந்தப் பொண்ணிடம் தோற்ற ஆட்டத்தைக் கோச்சிடம் காட்டச் சொன்னேன். பதிமூன்றாவது நகர்த்தலுக்கு மேல் ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே பாடமும் பஸ் ஏறும் முன்னே தொலைந்துபோனது.

கோவை 64

ஐயா, கேட்டரிங் என்றது வாய்த்துடுக்கு. மன்னிக்கவும்.

ஆனால் முதல் வரியை விடமாட்டேன், எங்கள் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்று எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே முடித்தார் என்று கேட்டால் பாதிப் பேர் மாஸ்கோ, லண்டன் என்பார்கள். கோயம்புத்தூரில், சக்தி ஃபைனான்ஸ் நடத்திய சர்வதேசப் போட்டியில்! ஒரு நிதி நிறுவனம் காசு போட்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கோவைக்கு வரவழைத்ததால், சென்னைப் பையன் அங்கே போய் வேலையை முடித்துவிட்டு வந்தான்.

ஏன் வெளிநாட்டுக்காரர்கள்? பட்டம் வாங்கப் பலமான போட்டிகளில் எடுக்க வேண்டிய தகுதிக்கு நார்ம் என்று பேர், அதன் விதி அப்படி. கிராண்ட்மாஸ்டர் நார்ம் என்றால் குறைந்தது ஒன்பது ஆட்டம், 2600 தரத்தில் ஆடியிருக்க வேண்டும். எதிராளிகளில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டர். சொந்த நாட்டவர் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படி மூன்று நார்ம், கூடவே 2500 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்). விதிவிலக்குகள் இருக்கின்றன, அதற்குள் போகவில்லை. மொத்தத்தில், பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எதிரில் சரியான ஒன்பது பேரை யாராவது கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அந்த யாராவதுதான் ஆர்கனைசர்.

உள்ளூரில் அந்த ஆள் இல்லாவிட்டால் குடும்பமே விமானம் ஏற வேண்டியதுதான். பிரக்ஞானந்தாவின் மூன்று நார்ம்களும் ஐரோப்பாவில் கிடைத்தவை. இத்தாலியில் உலக ஜூனியர், கிரீஸில் ஹெராக்லியோன், கடைசியாக 2018 ஜூனில் மறுபடி இத்தாலியில் ஓர்டிசெய். காரைக்குடிப் பிரணேஷ் 2023 ஜனவரியில் 2500-ஐத் தாண்டியது ஸ்டாக்ஹோமில். காரைக்குடியிலிருந்து ஸ்டாக்ஹோம், அதுவும் ஜனவரிக் குளிரில்! குகேஷுக்கு மட்டும் கடைசி நார்ம் டெல்லி ஓப்பனில், 2019 ஜனவரியில் வாய்த்தது. வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து ஆடும் போட்டி அது.

ஷ்யாம்நிகிலை மறந்துவிடாதீர்கள். 2012-லேயே 2500 ரேட்டிங்கும் இரண்டு நார்மும் கையில். மூன்றாவது நார்ம் 2024-ல், துபாயில். பன்னிரண்டு வருடம்! அதில் எல்லாமே ஆர்கனைசர் இல்லாத குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கேயே மாதம் ஒரு நார்ம் போட்டி இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா? புடாபெஸ்டில் 1992-லிருந்து 'முதல் சனிக்கிழமை' என்ற பேரில் அதைத்தான் செய்தார்கள். மாதா மாதம் முதல் சனிக்கிழமை தொடங்கும், திறமைக்குத் தக்க குழுக்கள், குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் வட்டச் சுற்று. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போய் வந்திருக்கிறார்கள்!

பழைய டால் கிளப்

நார்ம் பேச்சுக்குள் ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மேனுவல் ஆரோன் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். அவர் யார் என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-ல் உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் கிராண்ட்மாஸ்டர்கள் போர்டிஷையும் உல்மனையும் வீழ்த்தியவர். அப்படிப்பட்டவர் தன் ஆட்டமே போதும் என்று இருக்காமல் ஒரு கிளப்பைக் கட்டினார். இடமும் புத்தகங்களும் ரஷ்யர்கள் தந்தது.

கல்லூரி நாட்களில் நானும் சில சாயங்காலம் போயிருக்கிறேன். ஆனந்தோடு ஆடினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். நான் போன நாட்களில் அவர் அங்கே இல்லை. நான் பார்த்தது வரிசையை. பிளிட்ஸ் (அதிவேக) ஆட்டத்தில் ஜெயித்தவன் நாற்காலியில் இருப்பான், தோற்றவன் எழுந்து கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி உட்கார அரை மணி ஆகலாம். உட்கார்ந்த இடத்தை விடக் கூடாது என்ற வெறியிலேயே நமக்குக் கை வேகமாகும். ஆனந்தின் வேகத்துக்கு இந்த வழக்கம்தான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அங்கே கோப்பை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பத்து வயதுப் பையனும் பேங்க் மானேஜரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வயதுப் பிரிவு என்ற பேச்சே கிடையாது. இப்போது எட்டு வயதுக்காரன் எட்டு வயதுக்காரனோடு மட்டும் ஆடுகிறான், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது ஒன்றேதான்.

கோவை 64

கடைசி வரிக்கு ஒரு சல்யூட் ஐயா.

ஆர்பிட்டர் அக்கா

நான் ஆர்பிட்டர். ரேட்டிங் போட்டிகளில்தான் அதிகம் வேலை பார்க்கிறேன். மண்டபப் போட்டியிலிருந்து ரேட்டிங் போட்டிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஸ்விஸ் முறையில் (ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதும் முறை) முதல் சுற்றில் ரேட்டிங் பட்டியலின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு மோதும். முந்நூறு பேர் ஆடும் ஓப்பனில் 1500 ரேட்டிங் பையனுக்கு முதல் நாள் 1900 வருவார். தோற்றால் அடுத்த சுற்றில் ரேட்டிங்கே இல்லாத குழந்தை. ஜெயித்தால் மறுபடி 1900. ஒன்பது சுற்றில் அவனுக்கு ஈடான ஆள் மூன்று பேர் வந்தாலே அதிர்ஷ்டம்.

மேலே இருப்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்குள், 2300-க்குக் கீழே இருந்தால் கே மதிப்பு (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்ற அளவு) 40. 1900 உள்ள பிள்ளை 1500-ஐ ஜெயித்தால் கிடைப்பது 3 புள்ளி. டிரா ஆனால் 17 போகும், தோற்றால் 37. நம் ஊர் 1500-கள் எப்படிப்பட்டவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் உண்மையில் 1800 ஆடுவார்கள். 2024 மார்ச்சில் உலக செஸ் அமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே உள்ளவர்களின் ரேட்டிங்கை ஏற்றிவிட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. இருந்தாலும் கொஞ்சம் மேலே வந்த பிள்ளைகளை உள்ளூர் ஓப்பனுக்கு அனுப்பவே பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்கள் வராவிட்டால் கீழே இருப்பவனுக்கு யாரோடு ஆடக் கிடைக்கும்?

அப்புறம் '1600-க்குக் கீழ்' போட்டிகள். பரிசுத்தொகை கொட்டுகிறது. 1590-ல் நிற்கிறவர் 1610 ஆகிவிடக் கூடாது என்று கவனமாக ஆடுவதைப் போர்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கையில் ஒரு யானை அதிகம் இருக்கும், டிரா கேட்பார். நிரூபிக்க முடியாது. நான் என்ன எழுதுவது, 'முகத்தில் வருத்தம் இல்லை' என்றா? வளராமல் இருப்பதற்குப் பரிசு வைத்தால் ஆட்டக்காரர் அப்படித்தான் இருப்பார். நடத்துகிறவர் வைத்த பரிசுதானே அது?

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

அம்மா, 1600 போட்டிக்கு 500 பேர் வருகிறார்கள். ஓப்பன் பிரிவு வைத்தால் 90 பேர். அந்த 500 பேர் காசில்தான் பக்கத்து ஹாலில் ஓப்பன் நடக்கிறது. பரிசைக் குறைத்தால் இரண்டுமே நடக்காது.

ஆர்பிட்டர் அக்கா

சார், பரிசைக் குறைக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். முதல் பரிசில் கொஞ்சம் எடுத்து, ரேட்டிங் அதிகம் ஏற்றியவருக்கு என்று வையுங்கள். ஒரு போட்டியில் செய்து பார்த்தார்கள், கடைசிச் சுற்றில் டிரா பாதியாகக் குறைந்தது.

இரண்டு பிள்ளை அம்மா

நான் செஸ் ஆடத் தெரியாதவள். எட்டு வருடமாக வெளியே உட்கார்ந்திருப்பவள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மகளுக்கு இப்போது 14, ரேட்டிங் 1780. மகன் சின்னவன். வெளியூரில் ஐந்து நாள் போட்டி என்றால் என்ட்ரி ஃபீஸ் செலவிலேயே சின்னது. ரூம், சாப்பாடு, ரயில், என் லீவு. இவ்வளவு செலவழித்துப் போய் ஒன்பது ஆட்டம். அதில் அக்கா சொன்ன மாதிரி மூன்றுதான் உருப்படி. ஓர் உருப்படியான ஆட்டத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒருநாள் ரயிலில் கணக்குப் போட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு போட்டி. ஊர் வேண்டாம். சாயங்காலம் நான்கு மணிச் சுற்று, யாருக்கு யார் என்று ஜோடி சேர்த்ததில் தப்பு என்று ஆறே முக்காலுக்குத் தொடங்கினார்கள். அவள் ஆட்டம் முடிய இரவு பத்தேகால். ஹால் ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில், ஆட்டோ கிடையாது. மறுநாள் காலை ஒன்பதுக்கு அடுத்த சுற்று. பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு கட்டிடம் தாண்டிப் போக வேண்டும், அவள் க்ளாக் ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பிளைப் பிள்ளைகளின் கழிப்பறை ஹாலுக்கு அடுத்த கதவு. அன்றைக்கு அவள் தண்ணீரே குடிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான்காவது மணி நேரத்தில் ஜெயிக்க வேண்டிய சிப்பாய் எண்ட்கேமை விட்டுவிட்டாள். கோச் சொன்னார், எண்ட்கேம் டெக்னிக் போதாதாம்.

அவள் கூட ஆட ஆரம்பித்த பொண்ணுங்க ஏழு பேர். இப்போது இரண்டு பேர்தான் ஆடுகிறார்கள்.

பழைய டால் கிளப்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை அம்மா.

பெர்லின் சிப்பாய்

நான் இங்கே ஜெர்மனியில் ஒரு சின்ன கிளப்பின் நான்காவது அணியில் ஆறாவது போர்டு. அதாவது யாரும் பேர் எழுதி வைக்காத இடம். இங்கே ஒழுங்கு எப்படி என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கிளப்புக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் உண்டு, பெரும்பாலும் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறு லீக் ஆட்டம். மேலே புண்டஸ்லிகா என்ற தேசிய லீக், அதில் உலகத்தரக் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுகிறார்கள். ஆனந்தும் பாடன்பாடன் கிளப்புக்கு ஆடியிருக்கிறார். அங்கிருந்து படிப்படியாக இறங்கி எங்கள் லீக் வரை ஒரே ஏணி. ஜெயித்த அணி மேலே ஏறும், தோற்றது இறங்கும். போர்டு வரிசை பலத்தின்படி என்பதால் ஏறக்குறைய நமக்குச் சமமானவர்தான் எதிரில் இருப்பார். ஓர் ஆட்டம், நான்கு மணி நேரம், எழுதி ஆட வேண்டும். முடிந்ததும் எதிராளியோடு பக்கத்து அறையில் காபி வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். போன மாதம் எழுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் என்னை அடித்துவிட்டு, எங்கே தப்பு செய்தேன் என்று முக்கால் மணி நேரம் காட்டினார்.

பரிசு எதுவும் இல்லை. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர், சம்பளம் இல்லை. இங்கே நம் ஊரைவிடப் பெரிய திறமைசாலிகள் யாரும் பிறந்துவிடவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ரேட்டிங் 200 ஏறியிருக்கிறது, வேறு காரணம் எதுவும் தெரியவில்லை.

ராணிப்பையன் 2009

அண்ணா இதெல்லாம் பழைய கதை. நல்ல ஆள் வேணும்னா ஆன்லைன்ல இரண்டு செகண்டில் கிடைக்கும். ஆர்கனைசரே தேவையில்லை.

ஆர்பிட்டர் அக்கா

தம்பி, ஆன்லைனில் 2100 வைத்திருக்கும் பிள்ளைகள் என் ஹாலில் மூன்றாவது மணி நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வாராவாரம் பார்க்கிறேன். உட்காரப் பழக்கமே இல்லை. ஆன்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன், ராத்திரி ஒரு மணிக்கு, அவமானத்தோடு.

கோவை 64

பெரிய மேடைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட். ரஷ்யாவிடமிருந்து பறிபோனதும் இங்கே வந்தது, நான்கு மாதத்தில் நடத்திக் காட்டினார்கள். 'தம்பி' குதிரை, நேப்பியர் பாலத்தில் கருப்பு வெள்ளைக் கட்டம் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் ஆட்டக்காரர் கோணத்தில் பெரிய விஷயம் வேறு. நடத்தும் நாடு கூடுதல் அணியை இறக்கலாம். அப்படி இறங்கிய இந்தியா 'பி' அணியில்தான் குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி எல்லோரும், கூடவே அதிபன். வேறு நாட்டில் நடந்திருந்தால் அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்திருக்கும்? குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார், எட்டாவதில் எதிரில் அமெரிக்காவின் கருவானா. அணிக்கு வெண்கலம். இரண்டே வருடத்தில், 2024 புடாபெஸ்டில், ஓப்பன், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம்.

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

2023 டிசம்பரை விட்டுவிட்டீர்களே. சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ். அரசு காசில், கடைசி நேரத்தில் எட்டுப் பேரைக் கூட்டி நடத்தியது. உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் குகேஷுக்கு இடம் வாங்கிக் கொடுக்கவே வைத்த போட்டி என்று உலகமே பேசியது. நான் மண்டபத்தில் கோப்பை கொடுத்தால் குற்றம், அது மட்டும் வளர்ச்சியா?

கோவை 64

நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது உறுத்தலாகத்தான் இருந்தது. ஃபிடே சர்க்யூட் புள்ளிக்கு (வருடம் முழுக்கப் போட்டிகளில் சேர்க்கும் புள்ளி, அதன் வழியாகவும் கேண்டிடேட்ஸ் இடம் கிடைக்கும்) வருடக் கடைசியில் ஒரு பலமான போட்டி தேவைப்பட்டது, அவசரமாக வைத்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யாரை எதிரில் வைத்தார்கள் என்று பாருங்கள். ஆரோனியன், மக்சூட்லூ, எல்ஜனோவ், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன். குகேஷும் அர்ஜுனும் ஏழுக்கு நாலரை, டை பிரேக்கில் குகேஷ் முன்னே. அர்ஜுன் அரைப் புள்ளி கூட எடுத்திருந்தால் கதையே வேறு. அதே மாதம் பிரான்சில், ஃபிரூஜா ரேட்டிங் ஏற்றிக் கேண்டிடேட்ஸ் இடம் பிடிப்பதற்காகச் சார்த்ர் நகரில் அவசரமாகச் சில ஆட்டங்கள் வைத்தார்கள். எதிரில் ரேட்டிங் குறைந்த கிராண்ட்மாஸ்டர்கள். ஃபிடே முகம் சுளித்தது. அவசரம் இரண்டிலும் ஒன்றுதான், எதிராளிகள்தான் வேறு.

அடுத்து குகேஷ் டொராண்டோ கேண்டிடேட்ஸில் பதினான்குக்கு ஒன்பது, அப்புறம் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன். சென்னைப் போட்டி இல்லாவிட்டால் அந்த டிசம்பரில் அது நடந்திருக்காது. இன்னும் பிடித்தது அதே சென்னைப் போட்டியில் 2024-ல் செய்தது. இளம் இந்தியர்களுக்குச் சேலஞ்சர்ஸ் என்று ஒரு பிரிவு, அதில் முதலிடம் பிடித்தவருக்கு அடுத்த வருடம் மாஸ்டர்ஸில் இடம். 2024-ல் வென்ற பிரணவ் 2025-ல் மேலே ஆடினார். பெர்லின்காரர் சொன்ன ஏணியில் ஒரே ஒரு படி அது. மீதிப் படிகள் மாவட்டத்தில் போட வேண்டியவை, அங்கே ஒன்றும் இல்லை.

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

படி போட யார் காசு தருவது என்று மறுபடி கேட்பேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தஞ்சைக் குதிரை

ஐயா, அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆறு பேர் வட்டச் சுற்று என்றால் ஆளுக்கு ஐந்து ஆட்டம், மொத்தம் பதினைந்து. மூன்று போர்டு, மூன்று க்ளாக். 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் கொடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் வேண்டாம், என் நண்பர் டியூஷன் சென்டர் மாடி ஞாயிற்றுக்கிழமை காலிதான். ஃபேன் இருக்கிறது, கழிப்பறை அதே மாடியில் இருக்கிறது. கோப்பை கிடையாது. வயதுப் பிரிவு கிடையாது. 1500-லிருந்து 1800 வரை, பெரியவர் இரண்டு பேர், பிள்ளைகள் நான்கு பேர். எழுதித்தான் ஆட வேண்டும், முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ரேட்டிங்குக்கு அனுப்ப முடியுமா அக்கா?

ஆர்பிட்டர் அக்கா

முடியும். முன்கூட்டியே மாநிலச் சங்கம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும், லைசென்ஸ் உள்ள ஆர்பிட்டர் வேண்டும். தொடங்கிய 90 நாளுக்குள் முடித்தால் போதும், மூன்று ஞாயிறு தாராளம். ஆர்பிட்டராக நானே வருகிறேன். ஃபீஸ் வேண்டாம், பஸ் காசும் மதியச் சாப்பாடும் போதும். எலுமிச்சை சாதம் வேண்டாம்.

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

சங்கத்துக்கு என்ன ஃபாரம், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். அலைய வேண்டாம். வீட்டுப் பரணில் டிஜிட்டல் க்ளாக் நான்கு இருக்கிறது, ஒன்றில் பேட்டரி மூடி இல்லை, டேப் ஒட்டினால் ஓடும்.

இரண்டு பிள்ளை அம்மா

மகளுக்கு 1780. இடம் இருக்கிறதா? நாங்கள் திருச்சி, ஒரு மணி நேரம்தான்.

தஞ்சைக் குதிரை

இருக்கிறது அக்கா. இப்போதைக்கு ஐந்து பேர் ஆகிவிட்டது. ஆறாவதாக, அன்றைக்கு என் மருமகனை அடித்த அந்தப் பொண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேர் தெரியாது. ரிசல்ட் ஷீட்டில் மூன்றாவது சுற்றைப் பார்த்தால் இருக்கும், அதைப் போட்டியில் யாரும் ஏற்றவில்லை. செயலாளர் ஐயா, நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்டால் தருவார்களா?

மாவட்டச் செயலாளன் (ஓய்வு)

கேட்டுவிட்டேன். பெற்றோரிடம் அவர்களே பேசிவிட்டுச் சொல்வார்கள். அப்பா கேட்டாராம், கோப்பை எத்தனை அடி என்று.